அத்தியாயம் 7: மும்பையிலிருந்து ஊருக்கு – வானத்துத் தூரமும் வாசல்வரை நேரமும்

தாராவி தொண்ணூறடி சாலைப் பக்கம் எனக்குத் தெரிந்த அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். இட்லி வியாபாரம். நாற்பது வருடமாக தாதரில் ரயில் ஏறி, இரண்டு இரவைப் பெட்டியிலேயே கழித்து, திருநெல்வேலியில் இறங்கிப் பழகியவர். மகன் வேலைக்குப் போனதும் அப்பாவுக்கு முதல்முறையாக விமான டிக்கெட் எடுத்துக் கொடுத்தான். திரும்பி வந்தவரிடம் பயணம் எப்படி என்று கேட்டேன்.

"பிளேன்ல ரெண்டு மணி நேரம்னு எங்க பய சொன்னான் தம்பி. ரெண்டு மணி நேரந்தான், அதுல குத்தமில்ல. ஆனா இங்க கதவப் பூட்டிட்டுக் கெளம்பி ஊர் வீட்டு நடைய மிதிக்கப் பதினேழு மணி நேரம் ஆச்சுல்லா. மிச்சம் பதினஞ்சு மணி நேரத்த எவன் எடுத்துக்கிட்டான்?"

பையன் செய்த தப்பு சின்னதுதான். மலிவாகக் கிடைத்தது என்று சென்னைக்கு டிக்கெட் எடுத்துவிட்டான். சென்னையிலிருந்து திருநெல்வேலிக்கு இன்னும் அறுநூறு கிலோமீட்டர் இருக்கிறது என்பது அவன் பார்த்த திரையில் இல்லை. இரண்டு விமான நிலையங்களுக்கு நடுவே எத்தனை கிலோமீட்டர், எத்தனை நிமிடம் என்று சொல்லும் கணக்குகள் எல்லாம் ஓடுபாதைக்கு ஓடுபாதை பேசுகிறவை. நாம் ஓடுபாதையில் குடியிருக்கவில்லை. தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் குடியிருக்கிறோம். அந்த எண்களை எப்படிப் படிப்பது, எங்கே நம்புவது, எங்கே நம் கணக்கைச் சேர்த்துக்கொள்வது என்பதுதான் இந்த அத்தியாயம்.

கிலோமீட்டர் எங்கிருந்து வருகிறது

மும்பைக்கும் சென்னைக்கும் எவ்வளவு தூரம் என்று மாட்டுங்கா மார்க்கெட்டில் மூன்று பேரைக் கேட்டால் மூன்று விடை வரும். லாரி வைத்திருப்பவர் 1,330க்குப் பக்கம் என்பார். அது புணே, கோலாப்பூர், பெலகாவி, ஹூப்ளி, பெங்களூரு, கிருஷ்ணகிரி வழியாக இறங்கும் 48ஆம் எண் தேசிய நெடுஞ்சாலைக் கணக்கு. ரயில்காரர் 1,280 என்பார். அது சோலாப்பூர், வாடி, குண்டக்கல், ரேணிகுண்டா வழி. விமானத்தில் போகிறவர் 1,030 என்பார். மூவர் சொல்வதும் சரி.

விமானக் கணக்கை யாரையும் கேட்காமல் நீங்களே போடலாம். பள்ளிக்கூடத்தில் படித்த பிதாகரஸ் போதும். மும்பை விமான நிலையம் வடக்கே 19.09 டிகிரியிலும் கிழக்கே 72.87 டிகிரியிலும் இருக்கிறது. சென்னை மீனம்பாக்கம் வடக்கே 12.99, கிழக்கே 80.17. ஆக, தெற்காக இறங்க வேண்டியது 6.1 டிகிரி, கிழக்காக நகர வேண்டியது 7.3 டிகிரி. அட்சரேகையில் ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 111 கிலோமீட்டர். தீர்க்கரேகை டிகிரி நிலநடுக்கோட்டில் அதே அளவுதான், ஆனால் வடக்கே போகப்போகச் சுருங்கும். மும்பைக்கும் சென்னைக்கும் நடுவில் தக்காணத்தில் அது 107 கிலோமீட்டர். பெருக்கிப் பாருங்கள்: தெற்கே 677, கிழக்கே 781. இரண்டையும் வர்க்கமாக்கிக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்தால் 1,033 வரும். லண்டனுக்கோ நியூயார்க்குக்கோ இந்தக் குறுக்குவழி ஆகாது. அங்கே பூமி உருண்டை என்பதை முழுதாகக் கணக்கில் எடுக்க வேண்டும். ஊருக்குப் போகிறவர்களுக்கு இது தாராளம்.

விமானிகள் இதையே 558 கடல் மைல் என்பார்கள். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். இருக்கைக்கு முன்னால் திரை உள்ள விமானத்தில் எண் குறைவாகத் தெரிந்தால் எந்த அளவு என்று பாருங்கள்.

வரைபடத்தில் அடிக்கோல் வைத்து அந்தக் கோட்டை வரைந்தால் பீஜப்பூரைத் தொட்டு, கடப்பைக்குப் பக்கத்தில் போய், ஏறத்தாழ திருப்பதிக்கு மேலேயே செல்லும். திருமலைக்கு மேலே போனால் கும்பிட்டுக்கொள்ளலாமே என்று என் மாமியார் ஒவ்வொரு தடவையும் இடப்பக்க ஜன்னலா வலப்பக்க ஜன்னலா என்று கேட்பார். உறுதியாகச் சொல்ல முடியாது. விமானம் அடிக்கோல் வழியில் போவதில்லை. ஆகாயத்தில் குறித்துவைத்த பாதைகளில் புள்ளிக்குப் புள்ளி போகும். மும்பையில் எந்த ஓடுபாதை அன்றைக்குப் பயன்பாட்டில் இருக்கிறதோ அதற்கேற்பக் கடல் பக்கம் ஏறித் திரும்பும். அதனால் பறக்கும் தூரம் கோட்டுத் தூரத்தைவிடச் சில பத்து கிலோமீட்டர் கூடவே இருக்கும்.

மற்ற ஊர்களையும் அதே கணக்கில் போட்டு வைத்திருக்கிறேன். மும்பையிலிருந்து கோயம்புத்தூருக்கு ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர், திருச்சிக்கு 1,115, மதுரைக்கு 1,170, திருவனந்தபுரத்துக்கு 1,250, தூத்துக்குடி வாகைகுளத்துக்கு 1,275. இந்த வரிசையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கோவைக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே உள்ள வித்தியாசம் 275 கிலோமீட்டர். ஜெட் விமானத்துக்கு அது இருபது நிமிடம். தரையில் அதே 275 கிலோமீட்டர் ஒரு முழு ராத்திரி பஸ்.

ஒன்றேகால் மணியா, இரண்டு மணியா

ஏர்பஸ் 320 வகை விமானம் உயரத்தில் மணிக்கு 830 கிலோமீட்டர் வாக்கில் பறக்கும். 1,033ஐ அதால் வகுத்தால் ஒன்றேகால் மணி நேரம். சில கணக்கிடும் செயலிகள் இந்த எண்ணை அப்படியே காட்டிவிடுகின்றன. இது யாருக்கும் உதவாத எண். விமானம் தரையிலிருந்தே 830இல் கிளம்புவதில்லை. ஏற இருபது நிமிடமும் இறங்க இருபது, இருபத்தைந்து நிமிடமும் வேகம் குறைவாகவே இருக்கும். சக்கரம் தரையை விட்டு எழுந்து மறுபடி தரையைத் தொடும்வரை ஒன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் டிக்கெட்டில் இரண்டு மணி நேரம் என்றுதான் போட்டிருக்கும். சிலதில் 1 மணி 50 நிமிடம், சிலதில் 2 மணி 10. இதற்கு விமானத் துறையில் பிளாக் டைம் என்று பெயர். நின்ற இடத்தில் சக்கரத்துக்கு வைத்த கட்டையை எடுப்பது முதல், போய்ச் சேர்ந்த இடத்தில் கட்டையை மறுபடி வைப்பது வரை உள்ள நேரம் அது. பின்னால் தள்ளுவது, ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, அங்கே வரிசையில் நிற்பது எல்லாம் இதற்குள் அடங்கும்.

மும்பையில் அந்த வரிசைதான் பெரிய விஷயம். இங்கே இரண்டு ஓடுபாதைகள் உண்டு. ஆனால் ஒன்றையொன்று குறுக்கே வெட்டுகின்றன. அதனால் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் பயன்படுத்த முடியும். 2018இலேயே ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்களை இப்படி ஏற்றி இறக்கிக் காட்டியிருக்கிறார்கள். திறமைதான். ஆனால் ஒரு விமானம் கொஞ்சம் இழுத்தால் பின்னால் வரும் பத்தும் இழுக்கும். சென்னையிலிருந்து திரும்பி வரும்போது மும்பைக்கு மேலே வட்டமடித்த அனுபவம் இல்லாத மும்பைத் தமிழர் அபூர்வம். விமான நிறுவனங்கள் இதையெல்லாம் யோசித்துத்தான் அட்டவணையில் பத்துப் பதினைந்து நிமிடம் தாராளமாகச் சேர்த்துப் போடுகின்றன. "சீக்கிரமே வந்துவிட்டோம்" என்று அறிவித்தால் அது பெரும்பாலும் அந்தக் கூடுதல் நிமிடங்களின் கைங்கர்யம். பதினைந்து நிமிடம் வரை தாமதமானாலும் நேரத்துக்கு வந்ததாகவே கணக்கெழுதுவார்கள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

காற்றுக்கும் இதில் பங்குண்டு. மேற்கிலிருந்து கிழக்கே போனால் பின்காற்று, சீக்கிரம் போய்விடலாம் என்று பொதுவாகச் சொல்வார்கள். குளிர்காலத்தில் ஓரளவு சரி. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் நம் வழியில் கதை தலைகீழ். ஜூன் முதல் செப்டம்பர் வரை, கீழே காற்று மேற்கிலிருந்து அடித்து மழை கொட்டிக்கொண்டிருக்கும்போதே, வெகு உயரத்தில் சென்னை அட்சரேகையை ஒட்டிக் கிழக்கிலிருந்து மேற்காக ஒரு வேகமான காற்றோட்டம் ஓடும். வெப்பமண்டலக் கீழைக் காற்றோட்டம் என்று அதற்குப் பெயர். அதைப் பற்றி 1958இல் விரிவாக எழுதியவர் இந்திய வானிலை ஆய்வாளர் பி. கோட்டீஸ்வரம். அதன் மையம் பயணிகள் விமானம் பறக்கும் உயரத்துக்கும் மேலே இருந்தாலும் அதன் ஓரம் நமக்கும் படும். ஜூலையில் சென்னைக்குப் போகும்போது எதிர்காற்று, மும்பைக்குத் திரும்பும்போது பின்காற்று. ஆனால் திரும்பும்போது மிச்சமான நிமிடங்களை மும்பை மழையில் வட்டமடித்தே செலவழித்துவிடுவோம்.

அரை மணி நேரத்துக்கு ஒரு சண்டை

இரண்டு விமான நிலையங்களுக்கும் இன்று ஒரே கடிகாரம். ஆனால் சூரியனுக்கு அது தெரியாது. 7.3 டிகிரி கிழக்கே என்றால், டிகிரிக்கு நாலு நிமிடம் வீதம், சென்னையில் சூரியன் மும்பையைவிட ஏறத்தாழ அரை மணி முன்னால் நடுப்பகல் உச்சியைத் தொடும். ஒரு காலத்தில் கடிகாரமும் அப்படியே ஓடியது. பம்பாய் நேரம் கிரீன்விச்சுக்கு 4 மணி 51 நிமிடம் முன்னால், மதராஸ் நேரம் 5 மணி 21 நிமிடம் முன்னால். 1906இல் இந்தியா முழுமைக்கும் ஒரே நேரம் வந்த பிறகும் பம்பாய் விட்டுக்கொடுக்கவில்லை. 1955 வரை பம்பாய் நேரம் இங்கே புழக்கத்தில் இருந்தது. ரயில் டைம் ஒன்று, ஊர் டைம் ஒன்று என்று மாட்டுங்காவின் பழைய தலைமுறை இரண்டையும் மனதில் வைத்துத்தான் ஸ்டேஷனுக்குக் கிளம்பியது.

இந்த மும்பை–சென்னை வானவழி புது வழியும் இல்லை. 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து தபால் பையோடு புஸ் மாத் என்ற சின்ன விமானத்தை ஓட்டி, அகமதாபாத் வழியாக ஜூஹுவில் வந்து இறங்கினார். அதைத்தான் எல்லோரும் எழுதுவார்கள். பை அங்கே நிற்கவில்லை. அவருடைய கூட்டாளி நெவில் வின்சென்ட் அதை வாங்கிக்கொண்டு பெல்லாரிக்குப் பறந்து, இரவு தங்கி, மறுநாள் மதராஸுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். அடிக்கோல் வைத்து வரைந்தோமே, பெல்லாரி அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. மணிக்கு 160 கிலோமீட்டர் வாக்கில் போன விமானத்துக்கு நடுவில் எண்ணெயும் தூக்கமும் வேண்டியிருந்தன. இந்தியாவின் முதல் விமான நிறுவனத்தின் முதல் வழித்தடத்தில் பாதி, நம் பம்பாய்–மதராஸ் வழி. 1949 ஜனவரியில் தொடங்கிய இரவுத் தபால் சேவையிலோ பம்பாய், மதராஸ், டெல்லி, கல்கத்தா விமானங்கள் நான்கும் நடுராத்திரி நாகபுரியில் கூடி, பைகளை மாற்றிக்கொண்டு விடிவதற்குள் திரும்பின. கடிதம் மதராஸுக்கு நாகபுரியைச் சுற்றிக்கொண்டு போனது. சுற்றுவழி விமானங்களை மலிவென்று பிடிக்கும் நம் பிள்ளைகளுக்கு அதுவே முன்னோடி.

எங்கே இறங்குவது

இப்போது அண்ணாச்சி விஷயத்துக்கு வருவோம். சென்னையில் இறங்கியவர் கிளாம்பாக்கம் பஸ் நிலையத்துக்குப் போய், அங்கிருந்து ராத்திரி முழுக்கப் பஸ்ஸில் உட்கார்ந்து திருநெல்வேலி சேர்ந்தார். பதினேழு மணியில் பதினோரு மணி அந்தப் பஸ். சென்னைக்கு மேற்கே வேலூர், காஞ்சிபுரம், தெற்கே விழுப்புரம், புதுச்சேரி வரைக்கும் உள்ளவர்களுக்குத்தான் மீனம்பாக்கம் சரி. அங்கே இறங்கினால் வாசலிலேயே மெட்ரோ. சாலையைக் கடந்தால் திரிசூலம் மின்ரயில் நிலையம்.

திருநெல்வேலிக்காரர் மதுரையில் இறங்கலாம். மதுரை விமான நிலையம் ஊருக்குத் தெற்கே இருப்பது நமக்கு வசதி. நாலுவழிச் சாலையில் மூன்று மணி நேரத்தில் நெல்லை. கோவில்பட்டி, சங்கரன்கோவில், சிவகாசி ஆட்களுக்கு மதுரையை விட்டால் வேறு யோசனையே வேண்டாம். வள்ளியூர், ராதாபுரம், நாங்குநேரி, நாகர்கோவில் பக்கம் என்றால் திருவனந்தபுரத்தைப் பாருங்கள். மும்பையிலிருந்து நேரடி விமானங்கள் அதிகம், ஒரு நாளில் பல நேரங்களில் கிடைக்கும். அங்கிருந்து நாகர்கோவில் எழுபது கிலோமீட்டருக்குள். சாலை நெரிசலானது, மணிக்கு முப்பது கிலோமீட்டர் என்று கணக்கு வையுங்கள். வானத்தில் மதுரையைவிட எண்பது கிலோமீட்டர் கூடுதல், அதாவது ஆறு நிமிடம். நாகர்கோவில்காரருக்குத் தரையில் இரண்டு மணி நேரம் லாபம்.

தூத்துக்குடி வாகைகுளம் நெல்லையிலிருந்து முப்பது கிலோமீட்டர்தான். 2025 ஜூலையில் புது முனையமும் திறந்தாயிற்று, ஓடுபாதையையும் மூன்று கிலோமீட்டருக்கு மேல் நீட்டியிருக்கிறார்கள். ஆனாலும் மும்பைக்காரர் பெரும்பாலும் சென்னையிலோ பெங்களூரிலோ விமானம் மாறித்தான் அங்கே போக வேண்டும். மாறும் விமானம் ஏடிஆர் என்ற விசிறி விமானமாக இருந்தால் அதன் வேகம் மணிக்கு 500 கிலோமீட்டர் சொச்சம்தான். சென்னை–தூத்துக்குடி 530 கிலோமீட்டருக்கு ஒன்றரை மணி நேரம் போடுகிறார்கள். மும்பை–சென்னையில் பாதித் தூரம், முக்கால் நேரம். தூரத்தைப் பார்த்து நேரத்தைச் சொல்ல முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. மாறுவதற்கு இரண்டு மணி நேர இடைவெளிக்குக் குறைவாக இருந்தால், அதுவும் இரண்டும் தனித்தனி டிக்கெட்டாக இருந்தால், நான் எடுக்க மாட்டேன். நீங்களும் எடுக்காதீர்கள்.

கோவை, ஈரோடு, திருப்பூர், பாலக்காடு ஆட்களுக்குக் குழப்பமே இல்லை: கோயம்புத்தூர். தஞ்சாவூர், கும்பகோணம் மாட்டுங்காக்காரர்கள் திருச்சி விமான நேரத்தை முதலில் பார்க்கட்டும். பொருந்தாவிட்டால் சென்னை, அங்கிருந்து ரயில்.

அடுத்த தடவை அண்ணாச்சி திருவனந்தபுரம் போனார். ஊர் வள்ளியூருக்குப் பக்கம். ஒன்பது மணி நேரத்தில் நடையை மிதித்துவிட்டார்.

இந்தப் பக்கத்து வாசல்

மும்பையில் வீட்டிலிருந்து விமான நிலையம் போகும் தூரம் சின்னது; நேரம்தான் பெரியது. முதலில் டெர்மினல். பழைய ஆட்கள் சாந்தாகுரூஸ் என்பது டி1, சஹார் என்பது 2014இல் புதிதாகத் திறந்த டி2. அதே ஓடுபாதைகளை இரண்டும் பயன்படுத்தினாலும் வாசல்கள் வேறு வேறு. சாலையில் நாலைந்து கிலோமீட்டர் இடைவெளி. உள்நாட்டு விமானம் என்றால் டி1 என்ற பழைய வாய்ப்பாடு செத்துப்போய் வெகுகாலம் ஆகிறது. ஒரே நிறுவனத்தின் சென்னை விமானம் காலையில் ஒன்றிலும் மாலையில் மற்றதிலும் கிளம்பலாம். நானே ஒருமுறை பழைய பழக்கத்தில் டி1இல் போய் நின்று, டிக்கெட்டை நீட்டி, காவலர் தலையை ஆட்டியதும் வியர்த்து விறுவிறுத்து டி2க்கு ஓடியிருக்கிறேன். கவுன்ட்டர் மூடி நாலு நிமிடம் ஆகியிருந்தது. கவுன்ட்டர் பொதுவாக அறுபது நிமிடம் முன்னால் மூடும், வாயில் இருபத்தைந்து நிமிடம் முன்னால்.

தாராவிக்கு இப்போது யோகம். மூன்றாம் மெட்ரோ 2025 மே மாதம் தாராவி வழியாக நீண்டது. தாராவி நிலையத்தில் ஏறினால் பிகேசி, சாந்தாகுரூஸ் தாண்டி டி1, அதைத் தாண்டி டி2 இரண்டுக்கும் வாசலிலேயே நிலையம். பூமிக்கடியில் போவதால் சிக்னலும் கிடையாது, மழையும் கிடையாது. இருபது நிமிடத்தில் சேரலாம். ஆனால் தொண்ணூறடி சாலையிலிருந்தோ குறுக்குச் சாலையிலிருந்தோ பெட்டியை இழுத்துக்கொண்டு அந்த நிலையத்துக்குப் போவது ஒரு தனிப் பயணம். அதற்கு இருபது நிமிடம் சேர்த்துக்கொள்ளுங்கள். விடிகாலை விமானத்துக்கு மெட்ரோவை நம்பாதீர்கள், முதல் வண்டி ஆறு மணி வாக்கில்தான்.

மாட்டுங்காவில் ஆட்டோ கிடையாது. காளி பீளி டாக்சி அல்லது செயலி வண்டி. சயான், பிகேசி வழியாகப் போனால் காலி ரோட்டில் அரை மணி, மாலை ஆறு மணிக்கு ஒன்றரை மணி. பெட்டி சின்னதாக இருந்தால் நான் கிங்ஸ் சர்க்கிளில் ஹார்பர் லைன் பிடிப்பேன். அந்தேரி, கோரேகாவ் போகும் வண்டி மாஹிம், பாந்திரா வழியாக நேராக விலே பார்லேயில் விடும். அங்கிருந்து டி1க்கு ஆட்டோ. மழைக்காலத்தில் மட்டும் இந்த யோசனையைத் தள்ளிவையுங்கள். காந்தி மார்க்கெட் முன்னால் தண்ணீர் நிற்கும் நாளில் கிங்ஸ் சர்க்கிளுக்கு நடந்துகூடப் போக முடியாது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டியதை மறந்தவர் இந்த ஊரில் யாரும் இல்லை. அன்று விமான நிலையமே மூடிக் கிடந்தது.

செம்பூரிலிருந்து டி2 காக்கை பறக்கும் தூரத்தில் ஐந்தாறு கிலோமீட்டர். சாலையில் பத்துக்கும் மேலே. சாந்தாகுரூஸ்–செம்பூர் இணைப்புச் சாலை வந்த பிறகு வழி சுலபம். குர்லா தாண்டுவது மட்டும் கடவுள் விட்ட வழி. ரயில் பிரியர்கள் காட்கோபர் போய் முதல் மெட்ரோவில் மரோல் நாக்கா, அங்கே மூன்றாம் மெட்ரோவுக்கு மாறினால் அடுத்த நிலையம் டி2.

செம்பூர்க்காரர்களுக்கு இப்போது இன்னொரு கேள்வியும் வந்திருக்கிறது. நவி மும்பை விமான நிலையம் 2025 டிசம்பர் 25 முதல் இயங்குகிறது. டிக்கெட்டில் மும்பை என்று இருந்தாலும் பிஓஎம் என்றால் பழையது, என்எம்ஐ என்றால் புதியது. மூன்று எழுத்தைப் பார்க்காமல் கிளம்பாதீர்கள். சென்னைக்கு வானவழியில் அது இருபது கிலோமீட்டர் சொச்சம் கிட்டே. ஒன்றரை நிமிட லாபம், அதைப் பார்க்காதீர்கள். பார்க்க வேண்டியது சாலை. செட்டா நகர் முருகன் கோவில் பக்கத்திலிருந்து சயான்–பன்வேல் நெடுஞ்சாலையில் ஏறினால் முப்பது கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். விடிகாலையில் முக்கால் மணி போதும். மான்குர்ட், கோவண்டி, சீத்தா கேம்ப் ஆட்களுக்கு நிச்சயம் லாபம். மாட்டுங்காக்காரர் போவதானால் சிவ்ரியில் அடல் சேது ஏறலாம், சுங்கம் உண்டு. தாராவிக்காரர் போக வேண்டிய அவசியமே இல்லை.

கிலோமீட்டர் பணமாகும் இடம்

இந்தத் தூரமும் நேரமும் வெறும் தகவல் என்று நினைக்காதீர்கள். 2025 டிசம்பரில் விமானங்கள் கூட்டம் கூட்டமாக ரத்தாகி, கட்டணம் தாறுமாறாக ஏறியபோது மத்திய அரசு தூரத்தை வைத்து உச்சவரம்பு கட்டியது. 500 கிலோமீட்டர் வரை 7,500 ரூபாய், 1,000 வரை 12,000, 1,500 வரை 15,000, அதற்கு மேல் 18,000. வரியும் நிலையக் கட்டணமும் தனி. 1,030 கிலோமீட்டர் உள்ள சென்னை மூன்றாம் படியில் விழுந்தது. முப்பது கிலோமீட்டருக்கு மூவாயிரம் ரூபாய். கோவையோ என் கணக்கில் ஆயிரத்தைத் தொட்டும் தொடாமலும் நிற்கிறது.

நேரமும் அப்படித்தான். முன்னறிவிப்பு இல்லாமல், நிறுவனத்தின் காரணத்தால் விமானம் ரத்தானால், மாற்று விமானமோ பணமோ போக இழப்பீடும் தர வேண்டும் என்பது விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி. தொகை பிளாக் டைமைப் பொறுத்தது: ஒரு மணி நேரம் வரை 5,000 ரூபாய், இரண்டு மணி வரை 7,500, அதற்கு மேல் 10,000, அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, எது குறைவோ அது. மும்பை–சென்னை சரியாக அந்த இரண்டு மணிக் கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. 1 மணி 55 நிமிட விமானமும் 2 மணி 5 நிமிட விமானமும் இந்த விதிக்கு வேறு வேறு. இரண்டரை மணி வரையிலான விமானம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் சாப்பாடு தர வேண்டும், கூச்சப்படாமல் கேளுங்கள். மழை, மூடுபனி, ஆகாயக் கட்டுப்பாட்டு நெரிசல் போன்றவற்றுக்கு இழப்பீடு கிடையாது.

இன்னொரு நிபந்தனையும் அந்த விதியில் இருக்கிறது: தொடர்புகொள்ளப் போதுமான விவரம் கொடுக்காத பயணிக்கு இழப்பீடு இல்லை. தாராவியிலும் செம்பூரிலும் ஏஜென்ட் மூலம் டிக்கெட் எடுக்கும்போது அவர் பெரும்பாலும் தன் எண்ணையே போட்டுவிடுவார். விமானம் ரத்து என்ற செய்தி நள்ளிரவில் அவர் போனுக்குப் போகும். அவர் தூங்கிக்கொண்டிருப்பார், நீங்கள் டி2 வாசலில் நிற்பீர்கள். டிக்கெட் எடுக்கும்போதே உங்கள் சொந்தக் கைபேசி எண்ணைப் போடச் சொல்லுங்கள். போட்டாரா என்று அச்சிட்ட தாளில் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.